கனகாவுக்குப் பின்னிய கோடைக் கவுன்

1

உறையூரிலிருந்து ஒரு அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் என் தங்கை கனகா உடுத்தியிருக்கும் குரோஷாப் பின்னல் கவுனைப் பார்த்தாராம். காற்றோட்டமாக இருக்கிறது, வேண்டியபோது இறுக்கவும் தளர்த்தவும் முடிகிறது, நம் ஊர் வெயிலுக்கு இதைவிட ஏற்ற உடுப்பு இல்லை, அதன் அளவையும் பின்னும் முறையையும் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். 'லண்டன் மாடல்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

அது லண்டன் மாடல் அல்ல. நானும் லண்டனில் இல்லை. வட இங்கிலாந்தில் போல்டன் என்னும் மில் ஊரில் பத்து வருஷமாக இருக்கிறேன். இதை ஊரில் யாருக்கும் இதுவரை என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. என் சொந்த அண்ணனே விலாசத்தில் போல்டன் என்று எழுதிவிட்டு, அடியில் லண்டன் என்றும் சேர்த்து எழுதுவார். கடிதம் தலைநகரம் போய்ச் சுற்றிவிட்டு, ஒரு வாரம் தாமதமாக வந்து சேரும்.

இருக்கட்டும். அந்த அம்மாளுக்கு நான் அளவு அனுப்பவில்லை. அனுப்ப மனமில்லாமல் இல்லை. அந்தக் கவுனுக்கு இதுதான் அளவு என்று ஒன்று கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்ல வேண்டுமானால், மூன்று வருஷம் நான் எப்படியெல்லாம் தப்பாகப் பின்னினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2

கனகா எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுடைய ஆறாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது. வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது காலும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் நடந்துவிடுவாள். கைதான் தோளிலிருந்து அப்படியே தொங்கும். இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்தால், வைத்த இடத்தில் இருக்கும்.

எங்கள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் ரத்தினம் வாழை இலை வியாபாரம். மேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி, விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். ஆகவே கனகாவுக்குச் சட்டை மாட்டிவிடுவது அம்மாவின் வேலை. செத்த கையைப் பின்னால் இழுத்து, சட்டைக் கைக்குள் திணித்து, விரல்களைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். கனகா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். சித்திரை வைகாசியில் அக்குளில் வேர்வை ஊறிப் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணின் மேலேயே மறுநாளும் சட்டை ஏறும். எனக்குக் கல்யாணமாகி நான் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பத்து வயது. பிறகு தாவணி போடும் வயது வந்தபோது அது இன்னும் கஷ்டமாகிவிட்டது என்று அம்மா எழுதச் சொல்லி அண்ணன் எழுதினார்.

குரோஷா எனக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அந்தக் காலத்தில் திருச்சியில் பெண் குழந்தைகள் எல்லோரும் எதையாவது பின்னிக்கொண்டிருந்தோம். பாசிமணி கோத்த பால் சொம்பு மூடி, ரேடியோ மூடி, நாற்காலி முதுகுக்கு ஒரு விரிப்பு. மனிதர்கள் உடுத்தும்படியாக நான் எதையும் பின்னியதில்லை.

3

போல்டனில் என் கணவருக்குப் பஞ்சாலையில் வேலை. மகள் மீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், நானும் ஒரு ஆஸ்பத்திரியின் தையல் அறையில் சேர்ந்தேன். கிழிந்த படுக்கை விரிப்புகளையும் நோயாளிகள் போடும் கவுன்களையும் தைத்துக் கொடுக்கும் வேலை. அந்தக் கவுன்களில் ஒரு தினுசுக்குப் பக்கவாட்டில் தையலே கிடையாது. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. தோளிலும் இரண்டு விலாவிலும் நாடாக்கள். கையைத் தூக்க முடியாத நோயாளிக்கு என்று மேற்பார்வை செய்யும் அம்மாள் சொன்னாள். நாடாவைத் தைத்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. இவ்வளவு எளிதான ஒன்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று என்மேலேயே கோபம் வந்தது.

இதையே பருத்தி நூலில் குரோஷாவாகப் பின்னினால் வலைபோலக் காற்று போகும். உள்ளே ஒரு மெல்லிய பாடி போட்டுக்கொள்ளலாம். கணுக்கால் வரை நீளமாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று மாலையே நூல் கடைக்குப் போனேன். 'ஃபார் ஹாட்' என்று கேட்டேன். கடைக்காரி கனமான கம்பளி நூலை எடுத்து வைத்தாள். இல்லை, 'ஹாட்' என்று மறுபடியும் சொன்னேன். அதைவிடக் கனமான ஒன்றை எடுத்தாள். உடம்பு சூடாக இருப்பதற்குக் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். சூடு வேண்டாம் என்று நூல் வாங்க வந்தவளை அந்தக் கடையில் அதற்குமுன் யாரும் பார்த்திருக்க முடியாது. சுற்றிலும் பருத்தி நூற்கும் ஊரில், ஒரு பருத்தி நூல் உருண்டை வாங்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்தது அளவு. அண்ணனுக்கு எழுதினேன். மார்பு மூன்று சாண் நாலு விரல், தோளிலிருந்து கணுக்கால் வரை ஐந்தரைச் சாண் என்று பதில் வந்தது. யாருடைய சாண்? அம்மாவின் கை சின்னது. அண்ணனுடையது இலைக்கட்டைத் தூக்கித் தூக்கி அகன்ற கை. கேட்டு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, 'சாண் என்றால் சாண்தான்' என்று எழுதியிருந்தார்.

ஆகவே அளவை நம்பாமல் பின்னினேன். நாடாவை இழுத்துக் கட்டினால் ஒல்லி, தளர்த்திக் கட்டினால் பருமன். கை தனித் துண்டு, வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம். கீழே ஓரத்தில் நூலை வெட்டி முடிக்காமல் விட்டேன். வளர்ந்தால் இன்னும் நாலு வரிசை போட்டுக்கொள்ள ஒரு உருண்டை நூலும் ஒரு ஊசியும் கூடவே வைத்தேன். எல்லாருடைய சந்தேகத்துக்கும் இடம் விட்டுப் பின்னியிருப்பதாக எனக்கு அப்போது பெருமை.

4

பார்சல் கப்பலில் போய்ச் சேர இரண்டரை மாதம். பிறகு திருச்சியில் அதை வெளியே எடுக்க அண்ணன் நாலு தடவை அலைந்தார். நான் படிவத்தில் 'பெண்கள் உடை' என்று எழுதியிருந்தேன். அங்கே இருந்த சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் தைக்காததால் இது உடை அல்ல, பின்னல் துணி, அதற்கு வேறு படிவம் என்று சொல்லிவிட்டார். வேறு படிவத்தோடு போனபோது, அன்றைக்கு இருந்த வேறொருவர், இது துணி அல்ல, முடிக்காத உடை என்றார். கடைசியில் அண்ணன் பொறுமை இழந்து, வேட்டி சட்டைக்கு மேலேயே அதைப் போட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் நாடாக்களைக் கட்டிக் காண்பித்தாராம். அப்புறம்தான் முத்திரை விழுந்தது. 'இனிமேல் அனுப்புவதாக இருந்தால் பக்கத்தைத் தைத்தே அனுப்பு' என்று எனக்கு எழுதினார். சிரிப்பும் கோபமுமாகப் படித்தேன். தைத்து அனுப்புவதற்கா இத்தனை பாடு?

கனகாவுக்குக் கவுன் பாங்காக இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. ஸ்டூடியோவில் எடுத்தது. கனகா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பூத்தொட்டி. போட்டோவைக் கணப்பு மாடத்தின் மேல் வைத்தேன். மீனாவிடம், இது உன் சித்தி, தானே உடுத்திக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் அடுத்தடுத்த வருஷம் இன்னும் இரண்டு கவுன் பின்னி அனுப்பினேன்.

5

அறுபத்தைந்து சித்திரையில், எட்டு வருஷத்துக்குப் பிறகு, மீனாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே மீனாவுக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு. அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும். எதைச் சொன்னாலும் இங்கிலீஷில் யோசித்து, அதைத் தமிழில் கொட்டுவாள். கனகாவை முதலில் பார்த்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி, "சித்தி கை ஏன் தூங்குது?" என்று கேட்டாள். கனகா மட்டும் சிரித்தாள். அந்த மூன்று நாளும் கனகா வெள்ளைச் சட்டையும் பாவாடையும்தான் போட்டிருந்தாள். எங்கே கவுன் என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றாள் அம்மா.

பீரோவைத் திறந்தேன். மூன்றும் மடித்து, நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தது. விரித்தால், மூன்றுக்கும் பக்கவாட்டில் மெஷின் தையல். இரட்டைத் தையல். நாடாக்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு வரை மறைக்கிற மாதிரி வாயில் என்னும் மெல்லிய துணியில் முழுக்கை வைத்துத் தைத்திருந்தது.

யார் தைத்தது என்று கேட்டேன்.

"நான்தான் டெய்லர்ட்ட குடுத்தேன்" என்றாள் அம்மா. "பக்கத்துல தொறந்து கெடக்கு. வயசுப் பொண்ணுக்கு அதை எப்படிப் போட்டுவிடுறது?"

அப்படியானால் அந்தப் போட்டோ? அம்மாவும் அண்ணனுமாகச் சேர்ந்து, கையைத் திணித்து மாட்டி எடுத்திருக்கிறார்கள். அதற்காக மட்டும்தான் அந்தக் கவுன் வெளியே வந்தது. போட்டோவின் ஒரு பிரதி திருவெள்ளறையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குத் தரகர் மூலமாகப் போயிருந்தது. சீமை உடுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். வைகாசியில் பார்க்க வருகிறார்கள். கையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் கழித்து வந்த மகள், வந்த மூன்றாம் நாள் அம்மாவிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"நீ அங்க உக்காந்துக்கிட்டு பின்னி அனுப்பிடுவ. இவளுக்கு ஒரு வழி பண்ண வேண்டியவ நான். கையைக் காட்டிக்கிட்டு நின்னா எவன் வருவான்? எனக்குப் பின்னாடி இவளுக்கு யாரு சட்டை மாட்டுவா?"

அந்தக் கோபத்தில் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். மெஷின் நூலும் என் நூலும் ஒரே வெள்ளை. எது எது என்று தெரியாமல் வெட்டினேன். குரோஷாவில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணியும் வாய் பிளக்கும். விலாப்பக்கம் முழுவதும் என் கண்முன்னே பிரிந்துகொண்டே போயிற்று. பிடிக்கப் பிடிக்க ஓடிற்று.

கனகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடுக்கா. தையலைப் பிரிச்சாலும் என்னால அதைப் போட்டுக்க முடியாது."

ஏன் முடியாது, அதற்குத்தானே நாடா வைத்துப் பின்னினேன் என்று கேட்டேன்.

"முடிச்சுப் போட ரெண்டு கை வேணும்கா."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் அண்ணனுக்குத்தானே எழுதின. என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கவுனுக்கு நாடா கட்டுவது யார்? நர்ஸ். அது நோயாளி உடுத்திக்கொள்வதற்காகத் தைத்தது அல்ல, நர்ஸ் உடுத்திவிடுவதற்காகத் தைத்தது. நூற்றுக்கணக்கில் நாடா தைத்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. பின்னி முடித்ததும் ஒவ்வொரு கவுனையும் நான் என் உடம்பில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கையாலும் கட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மடித்து அனுப்பினேன். அம்மா தைத்து மூடியதற்கு முன்பே அது மூடின உடுப்புத்தான்.

6

மறுநாள் கனகாவிடம் கேட்டேன். கேட்க ஆரம்பித்ததும் அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் யோசித்து வைத்திருக்கிறாள். தலை வழியாகப் போடுகிற எதுவும் வேண்டாம். சொக்காய் மாதிரி முன்னால் முழுக்கத் திறக்க வேண்டும். வலது பக்கம் கை நுழையும் இடம் இடுப்பு வரை அகலமாக இருக்க வேண்டும், முதலில் அந்தக் கையை எடுத்து அதற்குள் வைத்துவிட்டால் மீதியை அவளே சுற்றிக்கொள்வாள். நாடா வேண்டாம், கொக்கி வேண்டாம். பெரிய பொத்தான். ரூபாய் அளவுக்கு.

சின்னக்கடை வீதியில் ஏறி இறங்கினேன். அத்தனை பெரிய பொத்தான் சீமைக் கோட்டுக்குத்தான் வரும், இங்கே யார் வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டே ஒரு டப்பாவைத் தேடி எடுத்தார்.

பின்ன உட்கார்ந்தால் விரல் வேர்த்து ஊசி வழுக்கும். வெள்ளை நூல் வேர்வையில் பழுப்பேறும். போல்டனில் கை விறைத்துப் பின்ன முடியாது, இங்கே கை நனைந்து பின்ன முடியவில்லை. பொத்தானை வலது ஓரத்திலும் மாட்டும் கண்ணியை இடது ஓரத்திலும் வைக்க வேண்டும் என்று கனகா சொன்னாள். நான் பழக்கத்தில் மாற்றி வைத்தேன். பிரித்தேன். மறுபடியும் மாற்றி வைத்தேன். பிறகு என் வலது கையைப் புடவைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டு, நானே போட்டுப் பார்த்தேன். ஒரு பொத்தான் மாட்ட எனக்குக் கால் மணி ஆயிற்று. மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது. கனகா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அவசரப்படாத. கண்ணியை முதல்ல கட்டைவிரல்ல மாட்டு" என்றாள். பொத்தானை இரண்டு வரிசையாக வைக்கச் சொன்னதும் அவள்தான், உடம்பு பருத்தால் அடுத்த வரிசை.

இதற்கு நடுவே ஒரு நாள் அவள் என்னிடம் ஒரு கார்டைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். இடது கை எழுத்து, பெரிது பெரிதாக. 'என் வலது கை தூக்க வராது. போட்டோவில் தெரியாது. தெரிந்து வருவதானால் வாருங்கள்.' திருவெள்ளறை விலாசம்.

அந்தக் கார்டு இரண்டு நாள் என் கைப்பையிலேயே இருந்தது. இதைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போடாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். கப்பல் ஏறிப் போய்விடப்போகிற நான், இங்கேயே இருக்கப்போகிற அவளுடைய கார்டை வைத்துக்கொண்டு தபால் ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை போட்டேன்.

பத்து நாளில் அண்ணனுக்குப் பதில் வந்தது. இந்த வருஷம் பையனுக்கு வேளை சரியில்லையாம். அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார். கனகா, கார்டு எழுதியது தான்தான் என்றாள். போட்டது நான் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் மீனாவிடம் சொல்லி அனுப்புவாள். மீனா என்னிடம் வந்து பாதியை இங்கிலீஷில் சொல்லி, மீதியை மறந்துவிட்டு நிற்பாள்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு வேறு இடம் எதுவும் அமையவில்லை. கனகாவுக்கு இப்போது இருபது வயது. இப்போதெல்லாம் எனக்கு அவளே எழுதுகிறாள். பெரும்பாலும் குறைதான். நான் பின்னி அனுப்பும் கவுனில் நூல் தடிமனாக இருக்கிறதாம், உடம்பை அறுக்கிறதாம், இத்தனை வருஷம் மில் ஊரில் இருந்துகொண்டு நல்ல நூல் வாங்கத் தெரியவில்லையா என்று கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது.

7

கிளம்பிய நாளையும் சொல்லிவிடுகிறேன்.

மதராஸ் போகிற பகல் வண்டிக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஏற வேண்டும். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றுவிட்டது. பெட்டிகள் ஏற்றியாயிற்று. கனகா, நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன், உடுத்திக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புதிதாகப் பின்னிய அந்தக் கவுனோடு அவள் வெளியே கிளம்புவது அதுதான் முதல் தடவை.

கால் மணி ஆயிற்று. வண்டிக்காரர் குரல் கொடுத்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யாராவது உள்ளே போய்ச் சீக்கிரம் மாட்டிவிடக்கூடாதா என்றார். நான் கதவுப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே துணி உரசும் சத்தமும், நடுவே அவள் மூச்சுவிடும் சத்தமும் கேட்டன. ஒரு பொத்தான், அடுத்த பொத்தான். தட்டினால் திறந்துவிடுவாள். இரண்டு நிமிஷத்தில் நான் மாட்டி முடித்துவிடுவேன். வண்டியைத் தவறவிட்டால் மதராஸில் பம்பாய் வண்டி போய்விடும், பம்பாயில் கப்பல் போய்விடும். என் கை கதவு வரை போயிற்று. தட்டவில்லை. ஆனால் பொறுமையோடும் நிற்கவில்லை. உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டேதான் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அரை மணிக்கு மேல் ஆகித்தான் கதவு திறந்தது. முகமெல்லாம் வேர்வை. சட்டைக்கை வைக்காத பக்கம் கவுன் அகலமாகத் திறந்து, மெலிந்த வலது கை வெளியே தெரிந்தது. நடுவில் ஒரு பொத்தான் அடுத்த கண்ணியில் மாட்டியிருந்ததால், கீழே ஓரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கனகாவுக்கு அது தெரியவில்லை. "போலாமா?" என்று கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

அவள் கடந்து போகும்போது அம்மாவின் கை தானாக அந்தப் பொத்தானை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

நான் மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மா என் பக்கத்தில் வந்து, அத்தனை நாளுக்கும் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள்.

"பொத்தான் ஒண்ணு மாறியிருக்கு" என்றாள் மெதுவாக. "சொல்லிடாத."